கடைசி மேசைக்குப் பிறகு யார்

கம்பம்
8.7.2024

அன்புத் தம்பி சுரேஷ்கண்ணனுக்கு,

அக்கா ஜோதிலட்சுமி எழுதுகிறேன். இங்கே எல்லாரும் சுகமாக இருக்கிறோம். நீ, நதியா, குழந்தை எல்லாரும் சுகம்தானே. குழந்தைக்குச் சளி விட்டதா?

போன் இருக்கும்போது கடிதம் எழுதுகிறாளே, இவளுக்கு என்ன ஆயிற்று என்று நினைப்பாய். வீட்டில் இருப்பது ரெண்டு அறை. போனில் பேசினால் எல்லாருக்கும் கேட்கும். மெசேஜ் அனுப்பினால் உன் மருமகள் மாரீஸ்வரிதான் முதலில் படிக்கிறாள், பள்ளிக்கூடப் பாடமெல்லாம் அவளுக்கு என் போனில்தான் வருகிறது. நீயும் பதிலை வீட்டுக்கு அனுப்பாதே. ஸ்டோர் முகவரிக்கு என் பேர் போட்டு அனுப்பு.

விஷயம் இதுதான். நான் சூப்பர்வைசராக இருக்கும் ஏலக்காய் ஸ்டோரில் நாற்பது பெண்கள் உட்கார்ந்து காய் பிரிக்கிறார்கள். வெடித்தது, வெளுத்தது, பூச்சி ஓட்டை போட்டது எல்லாம் தனியே போக, மிச்சம்தான் நயம் சரக்கு. நயம் என்று நாங்கள் தைத்து அனுப்பிய மூட்டைகளை எர்ணாகுளத்துக் கம்பெனி ரெண்டு தடவை திருப்பி அனுப்பிவிட்டது. உள்ளே பூச்சி ஓட்டைக் காய். முதலாளி விஜய்பாண்டி என்னைக் கூப்பிட்டு, "இன்னொரு தடவ திரும்பி வந்துச்சுன்னா காய் பிரிக்கிற கேமரா மிஷின் வாங்கிருவேன் ஜோதி. மிஷின் வந்தா எல்லாரும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான், நீயும்தான்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் பயமாக இருக்கிறது. எர்ணாகுளத்துக்கு அடுத்த மூட்டை தை மாதம்தான், அதுவரைக்கும் பார்ப்பாராம்.

தரத்தை எப்படிச் சரி செய்வது என்று படித்துப் பார்க்கலாம் என ஆன்லைனில் ஒரு இங்கிலீஷ் புத்தகம் வாங்கினேன். தலைக்கு வைத்துப் படுக்கலாம், அத்தனை தடி. உள்ளே பூராவும் இரும்பும் காரும். எழுத்து ஒவ்வொன்றும் எறும்புக் குஞ்சு. நீ ஓசூர்க் கம்பெனியில் இதே வேலைதானே பார்க்கிறாய். எந்தப் புத்தகம் வாங்கலாம் என்று நீ சொல்லு.

அன்புடன்,
அக்கா

*

ஓசூர்
19.7.2024

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நாங்கள் நலம். குழந்தைக்குச் சளி விட்டு இப்போது பல் முளைக்கிறது, கையில் கிடைத்ததைக் கடிக்கிறாள். மச்சானுக்கும் அத்தைக்கும் என் வணக்கம்.

நீ வாங்கிய புத்தகத்தைத் திருப்பி அனுப்ப முடிந்தால் அனுப்பிவிடு. அது தேடிப் பார்ப்பதற்கான புத்தகம், எங்கள் ஆபீஸிலும் ஒன்று இருக்கிறது. எதைத் தேடுகிறோம் என்று தெரிந்தவனுக்குத்தான் அது உதவும். முதலில் வாங்கும் புத்தகத்துக்கு நான் மூன்று விஷயம் பார்ப்பேன். ஆள் கையால் செய்யும் வேலையைப் பற்றி அதில் இருக்கிறதா. கணக்கு குறைவாகவும் உதாரணம் நிறையவும் இருக்கிறதா. குறையைக் கண்டால் ஆளைத் திட்டச் சொல்கிறதா, வேலை நடக்கும் விதத்தைப் பார்க்கச் சொல்கிறதா. ஆளைத் திட்டச் சொன்னால் மூடி வைத்துவிட வேண்டியதுதான், திட்டுவதற்குப் புத்தகம் தேவையில்லை.

எங்கள் கம்பெனியில் பயிற்சிக்கு வருகிறவர்களுக்குத் தமிழில் ஒரு சின்னப் புத்தகம் கொடுப்பார்கள். ஒன்றை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். மீன்முள் படம் போட்டுக் காரணம் தேடுவது அதில் உண்டு. ஒரு குறையை எடுத்துக்கொண்டு ஐந்து முறை 'ஏன்' கேட்பதும் உண்டு. கேட்டுப் பார்த்து, வந்த பதிலை எழுது. அதன் பிறகு புத்தகம் தேர்ந்தெடுக்கலாம்.

தம்பி,
சுரேஷ்கண்ணன்

*

கம்பம்
11.8.2024

அன்புத் தம்பிக்கு,

இங்கே சாரல் பிடித்துக்கொண்டது. யாருக்கும் காய்ச்சல் இல்லை. மலைத் தோட்டங்களுக்கு ஜீப் ஓட்டுகிற உன் மச்சானுக்குத்தான் விடிகாலைக் குளிரில் முதுகு பிடித்துக்கொள்கிறது. குழந்தையின் பல் போட்டோவை நதியா அனுப்பினாள், அத்தை போனைக் கையில் வாங்கி ரொம்ப நேரம் வைத்துப் பார்த்தார்.

உன் சின்னப் புத்தகம் வந்தது. ஸ்டோரில் சாப்பாட்டு நேரத்தில் கரும்பலகையில் மீன்முள் வரைந்தேன். காய் பிரிக்கிற முத்துப்பேச்சி எழுந்து, "மதினி, இது அயிரையா கெண்டையா? அயிரைக்கு இம்புட்டு முள்ளு கிடையாது" என்றாள். அதற்குப் பிறகு எல்லாரும் வைகை டேம் மீன் என்ன விலை என்று பேசிக்கொண்டிருந்தார்கள். காரணம் ஒன்றும் வரவில்லை.

அதனால் 'ஏன்' மட்டும் கேட்டேன். மூட்டை ஏன் திரும்பியது? ஓட்டைக் காய் இருந்தது. ஓட்டைக் காய் ஏன் இருந்தது? பிரிக்கிறவர்கள் விட்டுவிட்டார்கள். ஏன் விட்டார்கள் என்பதற்கு இன்னும் எழுதவில்லை.

இந்தப் புத்தகமும் எனக்குச் சரிப்படாது தம்பி. வழவழத் தாளில் அச்சடித்திருக்கிறார்கள், வெளிச்சம் பட்டுக் கூசுகிறது. பாதியை மாரீஸ்வரிதான் படித்துச் சொன்னாள். ஸ்டோரிலும் வெளிச்சம் போதவில்லை என்று என் மேசைக்கு மேல் டியூப்லைட்டை ரெண்டு தடவை மாற்றச் சொன்னேன், மாற்றியும் அப்படியேதான் இருக்கிறது. கொஞ்சம் பெரிய எழுத்தில் ஏதாவது புத்தகம் இருக்கிறதா பார்.

அக்கா

*

ஓசூர்
20.8.2024

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லாரும் நலம். மச்சானை முதுகுக்கு ஒத்தடம் கொடுக்கச் சொல்.

மூன்றாவது 'ஏன்' இல்லாமல் புத்தகம் வாங்குவது மருந்துக் கடைக்குப் போய் எதையாவது கொடுங்கள் என்று கேட்பதுபோல. ஏன் விட்டார்கள்? இன்னொன்றும் புரியவில்லை. பிரிக்கிறவர் கையிலிருந்து காய் நேரே மூட்டைக்குப் போகிறதா, நடுவில் யாராவது பார்க்கிறார்களா?

எந்த மேசையில் எத்தனை குறை என்று ஒரு மாதம் குறித்து வை. மேசை எண் மட்டும் எழுது, ஆள் பேர் எழுதாதே.

தம்பி

*

கம்பம்
29.9.2024

அன்புத் தம்பிக்கு,

பதில் எழுத இத்தனை நாள் ஆனதற்குக் கோபப்படாதே. உடம்புக்கு ஒன்றும் இல்லை. மூன்று தடவை எழுதிக் கிழித்தேன்.

என் மாமியார் மூக்கம்மாள் அத்தை இதே ஸ்டோரில்தான் முதல் மேசையில் உட்காருகிறார் என்பது உனக்குத் தெரியும். இந்த விஷயத்தில் அவர் பேரை இதுவரை நான் எழுதவில்லை. அத்தைக்குக் கண் தெரியவில்லை என்று நினைக்கிறேன். பஸ் பக்கத்தில் வந்த பிறகுதான் எந்த ஊர் பஸ் என்று கேட்கிறார். எதிரே வருகிற ஆளை, "யாரு அங்கன?" என்று கேட்கிறார். போன வாரம் ஸ்டோர் வாசல்படி தெரியாமல் தடுக்கிவிட்டது. அந்தக் கண்ணை வைத்துக்கொண்டு பூச்சி ஓட்டை எப்படித் தெரியும்? பதிலை வீட்டுக்கு அனுப்ப வேண்டாம் என்று சொன்னதும் இதனால்தான்.

நீ சொன்னபடி ஒரு மாதம் குறித்தோம். பக்கத்து மேசைக்காரி தட்டை ஒருத்திக்கொருத்தி பார்த்து எழுத வேண்டும். எல்லா மேசைக்கும் பூஜ்யம். யார்தான் எழுதுவார்கள்? இவளுக்கு அவள் சித்தி, அவளுக்கு இவள் நாத்தனார். முதல் மேசையில் சூப்பர்வைசரின் மாமியார். நான் எழுதலாம் என்று பேனாவை எடுத்தேன். வீட்டுக்குப் போய் அவர் முகத்தைப் பார்த்து எப்படிச் சோறு போடுவேன்? கண் தெரியவில்லை என்று முதலாளிக்குத் தெரிந்தால் அன்றைக்கே நிறுத்திவிடுவார். சொல்லாவிட்டால் நாற்பது பேருக்கும் வேலை போகும்.

நடுவில் யார் பார்க்கிறார்கள் என்று கேட்டிருந்தாய். சந்தேகமான காயைக் கிண்ணத்தில் போட்டு, தட்டோடு கடைசி மேசைக்கு அனுப்புவார்கள். அங்கே நான் உட்கார்ந்து பார்த்து நயமா கழிவா என்று முடிவு சொல்வேன். அது சரியாகத்தான் நடக்கிறது.

மாமியார் தட்டில் மருமகள் குறை எழுதுவது எப்படி என்று எந்தப் புத்தகத்திலாவது ஒரு அதிகாரம் இருக்கிறதா? இருந்தால் என்ன விலையானாலும் அதை வாங்கி அனுப்பு.

அக்கா

*

ஓசூர்
10.10.2024

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் சுகம். குழந்தை சுவரைப் பிடித்து நிற்கிறாள்.

அப்படி ஒரு அதிகாரம் எந்தப் புத்தகத்திலும் இல்லை. நான் பெண் வீட்டுக்காரன், அத்தையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல எனக்கு முறை கிடையாது, சொல்லவும் மாட்டேன். புத்தகத்தைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

ஆஸ்பத்திரி நர்ஸுகளுக்காக எழுதிய தரம் பற்றிய புத்தகம் ஒன்று பழைய புத்தகக் கடையில் கிடைத்தது. தமிழ்தான். இரும்பு கிடையாது. ஆளை ஆள் சரிபார்க்கும் வேலைதான் முழுக்க. உனக்கு இதுதான் பொருந்தும் என்று தோன்றுகிறது. வாங்குவதற்கு முன் ஆறாம் அதிகாரத்தைப் படித்துப் பார். ஜெராக்ஸ் எடுத்து அனுப்புகிறேன்.

அதில் சொல்லியிருப்பது, அளப்பதற்கு முன் அளக்கும் கருவியைச் சோதிக்க வேண்டும் என்பது. எங்கள் கம்பெனியில் ஆறு மாதத்துக்கு ஒருமுறை எல்லா அளவுக் கருவியையும் சோதித்து ஸ்டிக்கர் ஒட்டுவோம். எம்.டி. மேசையில் இருக்கும் கருவிக்கும் விலக்கு இல்லை. உங்கள் ஸ்டோரில் அளக்கும் கருவி கண்தான். சோதிப்பதானால் எல்லாருக்கும் செய். முதல் மேசை தொடங்கி கடைசி மேசை வரை, ஒருத்தர் விடாமல்.

தம்பி

*

கம்பம்
3.11.2024

அன்புத் தம்பிக்கு,

தீபாவளி நல்லபடியாகப் போனது. அத்தை உங்கள் மூன்று பேருக்கும் திருநீறு மடித்துக் கொடுத்தார், உள்ளே வைத்திருக்கிறேன்.

ஆறாம் அதிகாரத்தை ஒரே மூச்சில் படித்தேன். எதற்கு இவ்வளவு பெரிதாக ஜெராக்ஸ் எடுத்தாய்? ஒரு பக்கம் சினிமா போஸ்டர் அளவுக்கு இருக்கிறது. ஆனால் படிக்கச் சுகமாக இருந்தது, மாரீஸ்வரியைக் கூப்பிடவே இல்லை. இந்தப் புத்தகத்தையே வாங்கிவிடலாம், முழுசையும் அனுப்பிவை.

முதலாளியிடம், மூட்டை திரும்பாமல் இருக்க எல்லாருக்கும் கண் சோதிக்க வேண்டும், புத்தகத்தில் போட்டிருக்கிறது என்று சொன்னேன். புத்தகம் என்றதும் சரி என்றுவிட்டார். கார்த்திகை முதல் வாரத்தில் கண் ஆஸ்பத்திரி வேன் ஸ்டோருக்கே வருகிறது.

அத்தையிடம் சொன்னேன். "எனக்கெதுக்கு ஆத்தா? நல்லாத்தான தெரியுது" என்றார். நானே ஏற்பாடு செய்து நானே அவரை வீட்டுக்கு அனுப்பப் போகிறேன் என்றுதான் மனதில் ஓடிக்கொண்டிருக்கிறது.

அக்கா

*

கம்பம்
24.11.2024

சுரேஷுக்கு,

சுகம் விசாரிக்கும் மனநிலையில் நான் இல்லை. உன் பதிலுக்குக் காத்திருக்காமல் எழுதுகிறேன்.

வேன் வந்தது. அத்தைக்குத்தான் முதலில் பார்த்தார்கள். தூரத்துப் படம் ஒன்றும் தெரியவில்லை. அட்டையைக் கையில் கொடுத்ததும் கடைசி வரி வரை கடகடவென்று சொல்லிவிட்டார். டாக்டர் பெண், "அம்மாவுக்குத் தூரம்தான் தெரியல. கையில பிடிச்சா ஊசி ஓட்டைகூடத் தெரியும். இந்த வேலைக்கு இந்தக் கண்ணு போதும்" என்றாள். எனக்கு நெஞ்சில் இருந்த பாரம் இறங்கிவிட்டது. சிரித்துக்கொண்டே நான் போய் உட்கார்ந்தேன்.

அட்டையைக் கொடுத்தாள். என் கை தானாகத் தள்ளித் தள்ளிப் போகிறது தம்பி. கை நீளம் போதவில்லை. "கிட்டத்துல உள்ளது எதுவும் உங்களுக்குத் தெளிவா இல்ல. ரெண்டு மூணு வருசமாவே இருந்திருக்கும், கவனிக்கலையா?" என்று கேட்டாள். நாற்பது பேரும் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஒருத்திகூட ஆச்சரியப்படவில்லை.

மூன்றாம் நாள் கண்ணாடி வந்தது. நான் நயம் என்று முடிவு சொல்லி வைத்திருந்த மூட்டையை அவிழ்த்து மேசையில் கொட்டினேன். எங்கே பார்த்தாலும் ஓட்டை. முத்துப்பேச்சியைப் பிடித்துக் கேட்டேன். "நாங்க ஓட்டைன்னு கிண்ணத்துல போடுறதையே நீங்க நல்லாருக்குன்னு நயத்துல தள்ளிருவீக மதினி. ஒங்க அத்தைதான், அவள ஒருத்தியும் ஒண்ணும் சொல்லக் கூடாதுன்னு சொல்லிவச்சாக" என்றாள்.

அத்தையிடம் கேட்டேன். "பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன் ஆத்தா. எங்க மாமியா என்னய எந்திரிச்சாக் குத்தம், உக்காந்தாக் குத்தம்னு சொன்னாக. என் மருமகள நான் ஒரு சொல்லு சொல்லக் கூடாதுன்னு அப்பமே நெனச்சுக்கிட்டேன்" என்கிறார். வேலை போனாலும் பரவாயில்லையா என்றேன். "போனாப் போகுது" என்கிறார். நாற்பது பேர் வேலை.

எனக்கு அவமானமாக இருக்கிறது. அதைவிட உன் மேல்தான் கோபம். அந்த ஜெராக்ஸை இப்போது எடுத்துப் பார்த்தேன். உனக்குத் தெரிந்திருக்கிறது. நீயும் சொல்லவில்லை.

ஜோதிலட்சுமி

*

ஓசூர்
2.12.2024

அன்புள்ள அக்காவுக்கு,

கண்ணாடி பழகும்வரை தலை வலிக்கும், பயப்படாதே.

தெரியும் என்று சொல்ல முடியாது, சந்தேகம் இருந்தது. ஒரு புத்தகத்துக்கு எழுத்து சின்னது, இன்னொன்றுக்குத் தாள் கூசுகிறது, டியூப்லைட் சரியில்லை என்று எழுதினாய். உன் கையெழுத்தும் கடிதத்துக்குக் கடிதம் பெரிதாகிக்கொண்டே வந்தது. சொல்லியிருந்தால் நீ மூன்றாவது டியூப்லைட் மாற்றியிருப்பாய். அதோடு நீ அக்கா. எனக்கு வாய் வரவில்லை.

கண்ணாடி போட்டதோடு இது தீரவில்லை. எல்லார் தட்டையும் நீ பார்க்கிறாய், உனக்குப் பிறகு பார்க்க யாரும் இல்லை. மூன்றாவது 'ஏன்' உன் கண், நான்காவது யாரும் உன்னிடம் சொல்லாதது, ஐந்தாவது அதுதான் என்று நினைக்கிறேன். கண் மறுபடி மாறலாம், வேறு ஆள் வரலாம், அப்போதும் இதேதான் நடக்கும்.

முதலாளியிடம் நடந்ததைச் சொல்லிவிடு. சொல்லாவிட்டால் பெண்கள் சரியாகப் பிரிக்கவில்லை என்றே நினைத்துக்கொண்டிருப்பார், என்றாவது மிஷின் வாங்குவார். சொன்னால் உன் வேலை என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது. புத்தகத்தில் அதற்குப் பதில் இல்லை, பார்த்துவிட்டேன். புத்தகம் தனித் தபாலில் வருகிறது.

தம்பி

*

கம்பம்
30.1.2025

அன்புத் தம்பிக்கு,

கோபம் தீர்ந்துவிட்டது, அதனால் சுகம் கேட்கிறேன். குழந்தை நடக்கிறாளா? நதியாவுக்கு இடுப்பு வலி தேவலையா? இங்கே பொங்கல் முடிந்து எல்லாரும் நன்றாக இருக்கிறோம்.

முதலாளியிடம் சொல்லிவிட்டேன். பத்து நாள் தள்ளிப்போட்டுவிட்டுத்தான் சொன்னேன். உன் மச்சான் வேண்டாம் என்றார், அத்தை வேண்டவே வேண்டாம் என்றார். ஒரு சனிக்கிழமை எல்லாரையும் நிற்கவைத்து, அவர்கள் முன்னாலேயே, ரெண்டு தடவையும் மூட்டை திரும்பியது என் கண்ணால்தான் அண்ணே, இவர்கள் சரியாகத்தான் பிரித்தார்கள் என்றேன். அவர், "இனி கடைசி மேசையில யாரு உக்கார்றது?" என்று மட்டும் கேட்டார்.

நான் அத்தை பேரைச் சொன்னேன். அத்தை மாட்டேன் என்றார். "அவ உக்காந்த எடத்துல நான் உக்கார மாட்டேன். அவ தட்ட நான் பாக்க மாட்டேன்" என்று ஒரே பிடிவாதம். அத்தை, நீங்கள் குறை சொல்லாததால்தான் இத்தனை பேர் வயிற்றில் மண் விழப் பார்த்தது, இனியும் சொல்லாவிட்டால் நான் வேலையை விடுகிறேன் என்றேன். எல்லார் முன்னாலும் மாமியாரிடம் இப்படிப் பேசியது முறையில்லைதான். ஆனால் பேசினேன். அத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டு போய்க் கடைசி மேசையில் உட்கார்ந்தார்.

சூப்பர்வைசர் வேலை இன்னும் எனக்குத்தான். ஆனால் முடிவு சொல்வது அத்தை. நான் நான்காம் மேசையில் காய் பிரிக்கிறேன், என் தட்டும் அவரிடம்தான் போகிறது. வாரம் ஒருமுறை அத்தை நயத்தில் தள்ளிய சரக்கை முத்துப்பேச்சி பார்க்கிறாள். முதல் ரெண்டு நாள் எல்லாத் தட்டும் திரும்பி வந்தது, என் தட்டைத் தவிர. மூன்றாம் நாள் என் தட்டு வந்தது. "ஜோதி, இது சரியில்ல ஆத்தா, இன்னொருக்கப் பாரு" என்றார். குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை. எல்லாரும் கையை நிறுத்திவிட்டார்கள். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தேன். சரியாகத்தான் சொல்லியிருந்தார்.

தை மூட்டை எர்ணாகுளம் போனது. முதலாளிக்குப் போன் வந்தது, "சரக்கு கொள்ளாம்" என்றார்களாம். அப்படியென்றால் நன்றாக இருக்கிறது என்று அர்த்தமாம். மிஷின்காரரை இனி வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார். நாற்பது பேரும் நானும் வேலையில் இருக்கிறோம். அன்றைக்கு எனக்கு அழுகை வந்தது, அழுதேன்.

புத்தகத்துக்கு மாரீஸ்வரி அட்டை போட்டுவிட்டாள். எட்டாம் அதிகாரத்தில் இருக்கிறேன்.

இன்னொன்று. மூட்டை போன அன்றைக்கு ராத்திரி சோறு போடும்போது, குழம்பு எப்படி இருக்கிறது அத்தை என்று கேட்டேன். இருபது வருஷமாகக் கேட்கிறேன், இருபது வருஷமாக நல்லா இருக்கு என்பார். அன்றைக்குக் கொஞ்ச நேரம் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். "உப்புக் கூட" என்றார். உன் மச்சான் தலை நிமிர்ந்து பார்த்தார். இன்றைக்கு மட்டுமா என்றேன். "வந்த நாள்லருந்து ஆத்தா" என்றார். எனக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை.

அக்கா ஜோதி

*

ஓசூர்
8.2.2025

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லாரும் நலம். குழந்தை நடக்கிறாள், நதியாவுக்கு வலி குறைந்திருக்கிறது. மூட்டை போனதில் ரொம்பச் சந்தோஷம்.

அத்தை சொன்னது சரிதான். கல்யாணத்துக்கு முன்பும் உன் குழம்பில் உப்புக் கூடத்தான். யாரும் சொல்லக் கூடாது என்று அப்பா சொல்லியிருந்தார்.

தம்பி